கைகால் இணங்காத குழந்தைகளும் இயக்கப் பயிற்சியும்

நெசவும் உழவும் உடலின் இணக்கத்தைக் கொண்டே நடைபெறும் தொழில்கள் என்பது நம் வாசகர்கள் யாவரும் அறிந்ததே. குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் கால் மிதியை அழுத்துகிறது; பாவு மேலும் கீழுமாகப் பிரிகிறது; ஒரு கை கயிற்றை இழுக்க நாடா ஓடுகிறது; மறு கை பலகையை இழுத்து ஊடையை அடித்துச் சேர்க்கிறது. இவை யாவும் கண் இமைக்கும் நேரத்தில், முன்பின் பிறழாமல் நிகழ்கின்றன. தலையில் புல்லுக்கட்டுடன் ஈர வரப்பின்மீது நடந்து செல்லும் பெண்மணி தம் காலைப் பார்த்து நடப்பதில்லை. சேற்றில் நாற்றை ஊன்றும் விரல், எவ்வளவு ஆழம் ஊன்றவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பதில்லை. இத்தகைய திறனையெல்லாம் நாம் ‘பழக்கம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டு அமைந்துவிடுகிறோம்.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இப்பழக்கம் எளிதில் கைகூடிவிடுவதில்லை. அறிவில் குறைவில்லாத, கண்ணும் காதும் நன்றாயுள்ள, கைகால்களில் ஊனம் ஏதுமில்லாத சில குழந்தைகள், சட்டைப் பொத்தானைப் பூட்டவும், எறிந்த பந்தைப் பிடிக்கவும், கோட்டுக்குள் எழுதவும் பெரும்பாடு படுகின்றனர். அவர்களைச் ‘சோம்பேறி’ என்றும், ‘கவனமற்றவன்’ என்றும், ‘கை விளங்காதவள்’ என்றும் ஏசுவது எங்கும் காணும் வழக்கம். இக்குழந்தைகளின் நிலைக்குக் காரணம் யாது, இவர்களுக்கு அளிக்கப்பெறும் இயக்கப் பயிற்சி எத்தகையது, அதனால் எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம் என்பனவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் வரலாறும்

இத்தகைய குழந்தைகளைப் பற்றி மருத்துவ உலகம் கருத்தூன்றிப் பேசத் தொடங்கியது பெரிதும் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலேயாகும். 1962-ஆம் ஆண்டில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் இதழ், ‘தடுமாறும் குழந்தைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு தலையங்கம் வெளியிட்டது. 1975-இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் கபே என்பவர் இதே பொருள்பற்றி ஒரு நூல் எழுதினார். 1987-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்வகைக் கையேட்டில் ‘டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர்’ என்ற பெயரைச் சேர்த்தது. இதனைத் தமிழில் ‘வளர்ச்சிப் பருவ இயைபுக் குறை’ எனலாம். 1994-இல் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள லண்டன் என்னும் நகரில் பல நாட்டு வல்லுநர் கூடி, அதுவரை வழங்கிவந்த பலவகைப் பெயர்களை விடுத்து, இப்பெயரையே பொதுவாக வழங்குவதென்று இசைந்தனர். ‘டிஸ்பிராக்சியா’ என்ற பெயரும் இன்றளவும் பேச்சு வழக்கில் உள்ளது.

இக்குறை உண்டு என்று முடிவு செய்வதற்கு மருத்துவர்கள் நான்கு நிபந்தனைகளைக் கொள்கின்றனர். முதலாவதாக, வயதுக்கும் கிடைத்த வாய்ப்புக்கும் ஏற்ற அளவில் உடலியக்கத் திறன் அமையாதிருத்தல் வேண்டும். இரண்டாவதாக, அதனால் அன்றாட வாழ்வோ, படிப்போ, விளையாட்டோ உண்மையாகவே தடைப்படுதல் வேண்டும். மூன்றாவதாக, அது சிறு வயது முதற்கொண்டே இருந்துவருதல் வேண்டும். நான்காவதாக, அறிவு வளர்ச்சிக் குறை, பார்வைக் குறை, மூளை நரம்புகளையோ தசைகளையோ பற்றிய வேறு நோய் ஆகியவற்றால் விளைந்ததாக அது இருத்தலாகாது. ஐந்து வயதுக்கு முன்னர் குழந்தைகளின் வளர்ச்சி பலவாறு வேறுபடுமாதலின், அதற்குமுன் இம்முடிவுக்கு வருவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

இது அரிதான குறை என்று எண்ணுதல் கூடாது. 2013-இல் வெளியான மேற்கூறிய கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 6 பேருக்கு இக்குறை இருப்பதாகக் கூறுகிறது. நாற்பது மாணாக்கர் உள்ள வகுப்பில் இருவர் இத்தகையோராக இருக்கலாம் என்பது இதனால் பெறப்படும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடையே மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிக்க குழந்தைகள் பலரிடத்தில் இதுவும் உடனுறைவதுண்டு.

காரணம் யாது?

தசையில் வலிமையின்மை இக்குறைக்குக் காரணமன்று. மூளையில் இன்ன இடம் பழுதுபட்டது என்று சுட்டிக்காட்டும்படியான ஒற்றைக் காரணமும் இதற்கு இல்லை. ஆராய்ச்சியாளர் பலர் கூறும் விளக்கத்தை நம் தொழிலைக் கொண்டே உணரலாம்.

பழகிய நெசவாளர் கயிற்றை இழுக்கும்போது, நாடா எவ்வளவு தூரம் ஓடும், எப்பொழுது மறுபக்கப் பெட்டியைச் சேரும் என்பதை அவருடைய மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. இழுப்பு சற்றுத் தளர்ந்தாலும், நாடா வழியில் நிற்பதற்கு முன்பே கை அதனை உணர்ந்து அடுத்த இழுப்பைத் திருத்திக்கொள்கிறது. பாவு மாறினாலும், தறி மாறினாலும், நான்கைந்து ஓட்டத்திற்குள் கணக்குச் சரியாகிவிடுகிறது. இவ்வாறு ஓர் இயக்கத்தின் விளைவை அது நிகழுமுன்பே மதிப்பிடும் ஆற்றல் மூளைக்கு உண்டு. இயைபுக் குறையுள்ள குழந்தைகளிடம் இம்மதிப்பீடு பிசகுகிறது. பந்து கையைக் கடந்த பின்னரே விரல்கள் மூடுகின்றன. பாத்திரத்தைப் பற்றும்போது பிடி ஒன்று மிகுந்துவிடுகிறது, இல்லையேல் குறைந்துவிடுகிறது. கணிப்பால் நடக்கவேண்டிய வேலையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்ய நேர்வதால் ஒவ்வொரு செயலும் மெதுவாக நடக்கிறது. மனமும் விரைவில் களைத்துப் போகிறது. நேற்றுச் செய்த வேலையே இன்று புதியதுபோல் தோன்றுகிறது.

இக்குழந்தைகள் கற்கவே இயலாதவர்கள் என்று இதனால் கொள்ளுதல் தவறு. மற்றக் குழந்தைகள் பார்த்த மாத்திரத்தில் பற்றிக்கொள்வதை இவர்கள் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்துப் பன்முறை செய்வித்தால்தான் பற்றிக்கொள்கின்றனர். வேறுபாடு இதுவே. இயக்கப் பயிற்சி முழுவதும் இவ்வுண்மையின்மீதே கட்டப்பட்டுள்ளது.

இழப்பு எங்கே உள்ளது?

பொத்தான் பூட்டத் தெரியாமை பெரிய இழப்பா என்று சிலர் கேட்கலாம். இழப்பு பொத்தானோடு நிற்பதில்லை. பந்து பிடிக்கத் தெரியாத சிறுவனை எந்தக் கட்சியும் சேர்த்துக்கொள்வதில்லை. அவன் முதலில் ஓரமாக நின்று பார்க்கிறான். பின்னர் அந்தப் பக்கமே போவதில்லை. ஓடாமையால் உடல் வலுக் குன்றுகிறது. வலுக் குன்றியதால் ஓடுவது மேலும் கடினமாகிறது. எழுத்து மெதுவாதலின் விடை தெரிந்தும் தாளில் ஏறுவதில்லை. ஏச்சும் கேலியும் தொடர்ந்து வரவே, ‘நான் எதற்கும் உதவேன்’ என்ற எண்ணம் உள்ளத்தில் ஊன்றிவிடுகிறது. இயைபுக் குறையுள்ள குழந்தைகளுக்கு ஏக்கமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட மிகுதியாக நேர்கின்றன என்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. வளர்ந்தால் தானே சரியாகிவிடும் என்பதும் எல்லோருக்கும் பொருந்துவதன்று. பலருக்கு இக்குறை குமரப் பருவத்திலும் அதற்குப் பின்னும் தொடர்கிறது.

நெசவாளர் சங்கமொன்றுக்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் பாவு நூல் பெற்றுக்கொள்ள வந்திருந்தார். உடன் வந்த அவருடைய ஒன்பது வயது மகன், தந்தைக்கு வரவேண்டிய கூலியை எழுத்தர் கணக்கிட்டு முடிக்குமுன்பே வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டான். நாம் வியந்து பாராட்டினோம். தந்தையோ முகம் வாடி, ‘வாயால் சொல்வான் ஐயா, எழுதச் சொன்னால் கோழி கிளறினாற்போல இருக்கும். தார் சுற்றச் சொன்னால் நூலை அறுத்துவிடுகிறான். பள்ளியிலும் அடி, வீட்டிலும் அடி. இந்த ஆண்டோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்’ என்றார். இவ்வளவு பேச்சையும் அச்சிறுவன் தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு இருப்பது இக்குறைதானா என்பதை மருத்துவரே ஆராய்ந்து கூறவேண்டும். எனினும், கூலிக் கணக்கை மனத்தால் போடும் பிள்ளையைக் கையெழுத்தைக் காரணமாகக் காட்டிப் பள்ளியினின்று நிறுத்துவது, நல்ல பாவை ஓரிழை அறுந்தமைக்காகத் தறியிலிருந்து அறுத்தெறிவதை ஒக்கும் என்று அவரிடம் எடுத்துரைத்தோம். மருத்துவரிடம் காட்டும் வரையிலாவது படிப்பை நிறுத்துவதில்லை என்று அவர் இசைந்தார்.

பயிற்சியில் இருவழிகள்

இயக்கப் பயிற்சி என்னும் பெயரால் வழங்கும் முறைகள் பல. அவற்றை இருவகையாகப் பிரித்துக் காண்பது தெளிவு தரும்.

முதல்வகையினர், செயலுக்கு அடிப்படையாயுள்ள ஆற்றலைச் சீர்செய்தால் செயல்கள் தாமே சீராகும் என்று கருதினர். அமெரிக்கப் பேராசிரியர் கெஃபார்ட் என்பார் 1960-இல் வெளியிட்ட நூலில், ஒடுக்கமான பலகையின்மீது நடத்தல், கரும்பலகையில் இரு கைகளாலும் வரைதல் முதலிய பயிற்சிகளால் கற்றல் திறனே உயரும் என்ற கொள்கையை விளக்கினார். கலிபோர்னியாவில் பண்ணையொன்றில் வளர்ந்தவரான ஜீன் அயர்ஸ் அம்மையார் (1920–1988), தொடுவுணர்ச்சியும் சமநிலையுணர்ச்சியும் மூளையில் ஒன்றுகூடும் முறையை ஆராய்ந்து 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊஞ்சல், சாய்தளம், உருளை முதலியவற்றைக் கொண்டு குழந்தையை விளையாடச் செய்வது அவருடைய முறையாகும். இங்கிலாந்தில் வெரோனிகா ஷெர்போர்ன் அம்மையார், ருடால்ப் லாபன் என்னும் நடனவியல் அறிஞரிடம் பயின்றதைக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார். பெரியவரும் குழந்தையும் ஒருவரையொருவர் தாங்குதல், உருட்டுதல், தள்ளுதல் முதலியவற்றால் தன்னுடலைத் தான் உணரவும், பிறரை நம்பவும் குழந்தை கற்றுக்கொள்கிறது. இம்முறையை விளக்கும் அவருடைய நூல் 1990-இல் வெளிவந்தது.

இவ்வகைப் பயிற்சிகளைக் குழந்தைகள் விரும்புகின்றனர். அவை மகிழ்ச்சியையும் துணிவையும் தரக்கூடும். ஆயினும் பலகைமேல் நடக்கப் பழகிய குழந்தை அதனாலேயே நன்றாக எழுதவோ படிக்கவோ தொடங்கிவிடும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. 1983-இல் கவேல், மாட்சன் என்னும் இருவர், கெஃபார்ட் முதலியோர் வகுத்த பயிற்சிகளைப் பற்றிய 180 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, படிப்பில் அவற்றால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை என்று முடிவு கூறினர்.

இரண்டாம் வகையினர் நேர்வழியை மேற்கொண்டனர். சைக்கிள் ஓட்ட வேண்டுமாயின் சைக்கிளையே பழக்க வேண்டும். எழுத வேண்டுமாயின் எழுத்தையே பழக்க வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. நெதர்லாந்தில் வகுக்கப்பட்ட நரம்பியக்கச் செயற்பயிற்சியும், கனடாவில் வகுக்கப்பட்டு நாம் கீழே விளக்கவிருக்கும் முறையும் இவ்வகையின.

கனடா நாட்டின் ‘கோ-ஆப்’

முன்னர்க் குறிப்பிட்ட லண்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஹெலன் போலடாய்கோ, ஏஞ்சலா மாண்டிச் என்னும் இரு பெண் வல்லுநர்கள் 1990-களில் ஒரு முறையை உருவாக்கி, 2004-இல் நூலாக வெளியிட்டனர். ‘அன்றாடச் செயல் நிறைவேற்றத்திற்கு அறிவுவழி காட்டல்’ என்று பொருள்படும் அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘கோ-ஆப்’ என்று அமைகிறது. கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரை நாள்தோறும் வழங்கும் நம்மவர்க்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. பெயர் ஒற்றுமை தற்செயலானதே எனினும், பயன்பெறுவோரின் விருப்பத்தை முன்வைத்தே வேலை தொடங்குதல் என்னும் கருத்தும் இரண்டிற்கும் பொதுவாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

இம்முறையில் எதைக் கற்பது என்று முடிவு செய்பவர் குழந்தையே. தான் செய்ய விரும்பும், அல்லது செய்ய வேண்டிய மூன்று செயல்களைக் குழந்தை தேர்ந்தெடுக்கிறது. ஒருவன் சைக்கிள் என்பான்; ஒருத்தி செருப்பு வார் பூட்டுதல் என்பாள். தன் விருப்பத்தினால் மேற்கொண்ட வேலையில் மனம் ஊன்றுமாதலின் இத்தேர்வுக்கு மிகுந்த மதிப்பு அளிக்கப்படுகிறது. ஏறத்தாழப் பத்து அமர்வுகளில், அமர்வுக்கு ஒரு மணி அளவில், பயிற்சி நடைபெறுகிறது. பெற்றோரும் உடனிருந்து கண்டு, வீட்டில் தொடர்ந்து பழக்குகின்றனர்.

பயிற்சியின் உயிர்நாடியாக விளங்குபவை நான்கு சொற்கள்: இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு. கனடாவின் உளநூலறிஞர் மைக்கன்பாம் வகுத்த தற்பேச்சு முறையினின்றும் இவை எடுக்கப்பட்டன. ‘நான் செய்யப்போவது என்ன? அதை எப்படிச் செய்யப்போகிறேன்? இதோ செய்கிறேன். என் திட்டம் பலித்ததா?’ என்று குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்ளப் பழகுகிறது. ஒரு சங்கம் ஆண்டுக் குறிக்கோளை வைத்து, வரவுசெலவுத் திட்டம் வகுத்து, வாணிபம் நடத்தி, இறுதியில் தணிக்கை செய்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சங்கத்தில் தணிக்கை ஆண்டுக்கொருமுறை. இங்கே ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தணிக்கை உண்டு.

பயிற்சி அளிப்போருக்கும் நான்கு விதிகள் உள்ளன. விடையைச் சொல்லாமல் வினாவைக் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றனையே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்துத் திருத்தாமல் வாய்மொழியால் வழிகாட்ட வேண்டும். கண்டுபிடிக்க வேண்டியது குழந்தைக்குப் புலப்படும்படி செய்துகாட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். சைக்கிள் ஓட்ட விரும்பும் சிறுவன் பத்து அடி சென்றதும் சாய்ந்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் அவனைக் கூர்ந்து நோக்கி, பிசகு எவ்விடத்தில் நேர்கிறது என்பதை முதலில் அறிகிறார். பின்னர், ‘சாயும்போது உன் கண் எங்கே இருந்தது?’ என்று கேட்கிறார். ‘மிதியைப் பார்த்தேன்’ என்கிறான் சிறுவன். ‘நன்றாக ஓட்டும் உன் அண்ணன் எங்கே பார்க்கிறான்?’ என்பது அடுத்த வினா. சிறுவன் யோசித்து, ‘தூரத்தில் பார்க்கிறான், நானும் அந்த வேப்பமரத்தைப் பார்த்து ஓட்டுகிறேன்’ என்கிறான். இதுவே அவனது திட்டம். ஓட்டுகிறான், பதினைந்து அடி போகிறான். ‘திட்டம் பலித்ததா?’ ‘பலித்தது; ஆனால் திரும்பும்போது விழுந்தேன்.’ அடுத்த திட்டம் திருப்பத்தைப் பற்றியது. இவ்வாறு அவன் சைக்கிளோடு மற்றொன்றையும் கற்கிறான். வராத வேலையை வரவழைக்கும் வழி எது என்பதே அம்மற்றொன்று. பந்துக்கும் பேனாவுக்கும் அவ்வழியை அவன் தானே கொண்டுசெல்ல முடியும் என்பதுதான் இம்முறையை வகுத்தோரின் எதிர்பார்ப்பு.

பயன் எவ்வளவு?

சரக்கின் தரத்தை மிகைப்படுத்திக் கூறுவது கூட்டுறவுக்கு அடாது. ஆதலின் இதன் பயனையும் உள்ளவாறே உரைப்போம். குழந்தைகளின் ஊனம் பற்றிய ஐரோப்பியக் கழகம் 2012-இல் வெளியிட்ட பரிந்துரைகளும், 2019-இல் பல நாட்டு வல்லுநர் கூடித் திருத்திய பரிந்துரைகளும், செயலையே நேராகப் பழக்கும் முறைகளை ஆதரிக்கின்றன. ஆயினும் 2017-இல் ‘காக்ரேன்’ என்னும் ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் இம்முறைகளைப் பற்றிய சோதனைகளை மதிப்பிட்டு, அவை காட்டும் சான்று வலுவானதன்று, இன்னும் செம்மையான சோதனைகள் தேவை என்று கூறியது. எனவே, எடுத்துக்கொண்ட செயலில் முன்னேற்றம் காணலாம் என்று எதிர்பார்ப்பது நியாயம். குறை அடியோடு நீங்கிவிடும் என்று எவரேனும் உறுதி கூறினால் அதனை நம்புதல் தகாது. இயைபுக் குறையைப் போக்கும் மாத்திரையோ டானிக்கோ கிடையாது. விலையுயர்ந்த கருவிகளுக்கும், ஆண்டுக் கணக்கில் கட்டணம் கேட்கும் வகுப்புகளுக்கும் கடன் வாங்கிச் செலவிடுமுன், ‘என் குழந்தை எந்தச் செயலை, எத்தனை வாரத்தில் கற்கும்? முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பீர்கள்?’ என்று கேட்டறிதல் பெற்றோரின் உரிமையும் கடமையுமாகும்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. குழந்தை விரும்பும் ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்க. நாள்தோறும் பத்து, பதினைந்து நிமிடம் பழக்குவது, வாரத்தில் ஒருநாள் நெடுநேரம் வருத்துவதினும் மேலானது.

2. செயலைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் தடை நேர்கிறதென்று காண்க. பொத்தானாயின், துளையைக் காண்பதிலா, பொத்தானைச் செருகுவதிலா, மறுபுறம் இழுப்பதிலா என்று நோக்குக.

3. ‘இப்படிச் செய்’ என்பதற்கு முன், ‘எதனால் தவறியது? அடுத்த முறை என்ன செய்யலாம்?’ என்று கேட்க. விடை வரும்வரை பொறுத்திருக்க.

4. தேவையான இடத்தில் பொருளை மாற்றுக. பெரிய பொத்தான், தடித்த பென்சில், நாடா கட்ட வேண்டாத நிக்கர், வழுக்காத தட்டு ஆகியவை போதும். நூலின் நம்பர் மாறினால் நாம் அச்சை மாற்றுகிறோமேயன்றி நூலை அடிப்பதில்லை. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டா.

5. ஆசிரியரைக் கண்டு பேசுக. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதும் வேலையைக் குறைத்தல், எழுத மிகுந்த நேரம் அளித்தல், தெரிந்ததை வாய்மொழியாகக் கூற இடங்கொடுத்தல் ஆகியவற்றால் மற்ற மாணாக்கர்க்கு நட்டமில்லை, இக்குழந்தைக்கோ பெருலாபம்.

6. விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். பாய்ந்துவரும் பந்தை எதிர்கொள்ளும் ஆட்டங்களைவிட, நீச்சல், சைக்கிள், ஓட்டம் முதலிய, தன் வேகத்தில் தானே பழகக்கூடியவை இக்குழந்தைகளுக்கு எளிதாகக் கைவருகின்றன. கிணற்றிலும் குளத்திலும் நீந்தப் பழகுவோர்க்குப் பெரியவர் துணை எப்பொழுதும் வேண்டும்.

7. அடிப்பதையும், உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டு ஏசுவதையும் அறவே விடுக. மூளையின் கணிப்பில் நேரும் பிசகை அடி திருத்தாது. அச்சம் அதனை மிகுவிக்கவே செய்யும்.

மருத்துவரிடம் காட்டுதல்

வீட்டுப் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. முன்பு நன்றாக வந்த திறன் குறைந்துகொண்டே போதல், நாளுக்கு நாள் விழுதல் மிகுதல், ஒரு பக்கக் கை கால் மட்டும் வலுவிழந்திருத்தல், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுதல், கெண்டைக்கால் அளவுக்கு மீறிப் பருத்திருத்தல், தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வருதல் ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் ஒருநாளும் தாமதித்தல் கூடாது. அவை இயைபுக் குறையின் அடையாளங்கள் அல்ல. வேறு நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். கண்பார்வையையும் தவறாது சோதித்துக்கொள்ள வேண்டும்.

2013-இல் மைய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழுக்கள் சோதித்து வருகின்றன. வளர்ச்சியில் தாமதமும் குறையும் காண்பது அச்சோதனையின் நோக்கங்களுள் ஒன்று. மேல் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. குழு பள்ளிக்கு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டறிந்து, குழந்தையின் தடுமாற்றத்தைப் பெற்றோரே எடுத்துக் கூறுதல் நலம். சில நிமிடச் சோதனையில் இக்குறை தானே வெளிப்படாமல் போகலாம். இயன்முறை மருத்துவரும், ‘ஆக்குபேஷனல் தெரபி’ எனப்படும் செயற்பழக்கச் சிகிச்சை பயின்றவரும் இப்பயிற்சிக்கு உரியவர் ஆவர்.

முடிவுரை

தறியில் அமர்ந்ததும் ஒருவர் நெசவாளராகிவிடுவதில்லை. தாமும் பன்முறை இழையறுத்து, மிதி தவறி, பெரியோரின் பொறுமையால் கற்றவர்களே நம் அங்கத்தினர் யாவரும். அதே பொறுமையைச் சற்றே கூடுதலான அளவில் வேண்டி நிற்பவர்கள் இக்குழந்தைகள். அவர்களுள் எல்லோரும் தறிக்கோ வயலுக்கோ வரவேண்டுமென்பதில்லை. கணக்கிலும் பேச்சிலும் யோசனையிலும் அவர்கள் சிறந்து விளங்கலாம். நம் சங்கங்களுக்கு அத்திறன்களும் வேண்டியவையே.

மகளிர் உறுப்பினர் கூட்டங்களிலும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களிலும் இக்கட்டுரையைப் படித்துக் காட்டுமாறு சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ‘சோம்பேறி’ என்று பெயரெடுத்த பிள்ளை ஒன்று உங்கள் தெருவில் இருக்குமாயின், அப்பெயரை மறுமுறை சொல்வதற்கு முன், அப்பிள்ளை பொத்தான் பூட்டுவதையும் பந்து பிடிப்பதையும் ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். முயலாமல் விடுகிறதா, முயன்றும் வரவில்லையா என்பது அப்பொழுதே விளங்கிவிடும். முயன்றும் வரவில்லையாயின், அடுத்த வேலை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதேயாகும்.